வேண்டாம் என்பதற்கும் ஒரு பட்டன்

அந்த ஆபீஸில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பச்சைக்கிளி. சுருக்கமாக, கிளி. காரணம், அவள் போட்ட பச்சை பட்டன்.

வீடு தேடுகிறவர்களுக்கான வலைத்தளம் அது. உள்ளே காலடி எடுத்து வைத்ததுமே திரையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு எழும்பும். 'உங்களுக்குச் சிறந்த அனுபவம் தருவதற்காக நாங்கள் குக்கீகளைப் பயன்படுத்துகிறோம்' என்று ஆரம்பித்து, மனிதப் பிறவி எடுத்த யாரும் படிக்காத நாலு வரி. அதற்குக் கீழே கொழுகொழுவென்று ஒரு பச்சை பட்டன்: 'சம்மதம்'. அதை அமுக்கினால் தீர்ந்தது. அந்த ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ தளம் ஒரு சின்ன அடையாளத்தை ஒட்டிவிடும். அப்புறம் அந்த ஆள் சமையல் குறிப்பு படிக்கப் போனாலும் சரி, மழை வருமா என்று பார்க்கப் போனாலும் சரி, வீட்டு விளம்பரம் நிழல் மாதிரி கூடவே போகும்.

சம்மதம் இல்லையென்றால்? அதற்கும் வழி உண்டு. ஓரத்தில் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போல 'மேலும் விருப்பங்கள்' என்று இருக்கும். அதைத் தொட்டால் வரிசையாக சுவிட்சுகள். யார் யாரெல்லாம் உங்களைக் கவனிக்கலாம் என்பதை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். இறங்கி முடித்தால் அங்கேயும் ஒரு பச்சை பட்டன் சிரித்துக்கொண்டிருக்கும்: 'அனைத்தையும் ஏற்றுச் சேமி'. களைத்துப்போன கை தானாக அதைத்தான் அமுக்கும். அணைத்த சுவிட்சுகள் எல்லாம் ஒரே நொடியில் எரிய ஆரம்பித்துவிடும்.

கிளியின் கைவண்ணம்தான் எல்லாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. எந்த டிசைனையும் புத்தம்புது ஃபோனில் மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டாள். "ஊர்ல பாதிப் பேர் வீட்ல பழைய டப்பாதான் இருக்கு. அதுல அழகா தெரிஞ்சாதான் அழகு" என்பாள்.

"கிளி, இது அறிவிப்பா, எலிப்பொறியா?" என்று கேட்டார் வக்கீலம்மா. தனியுரிமைச் சட்டம் புதிதாக வந்த பிறகு கம்பெனி வேலைக்கு எடுத்த சட்ட ஆலோசகர் அவர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டார் என்றால் சண்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

"வழி இருக்கில்ல மேடம்? சட்டம் வழி விடச் சொல்லுது. விட்டிருக்கேன்."

"விட்டிருக்கே. விட்ட வழியில முள்ளையும் வெட்டிப் போட்டிருக்கே."

"படிக்காம அமுக்கறது அவங்க இஷ்டம். நான் யார் கையையாவது பிடிச்சு அமுக்கினேனா?"

"சரின்னு சொல்றது எவ்வளவு சுலபமோ, வேண்டாம்னு சொல்றதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். சட்டம் சொல்றது அதுதான். உன் அம்மா வந்து உட்கார்ந்தா இதுல வேண்டாம்னு சொல்ல முடியுமா, சொல்லு?"

"எங்கம்மாவா?" கிளி சிரித்தாள். "எங்கம்மா வேண்டாம்னு சொன்னா சுவரே தள்ளி நிக்கும் மேடம்."

இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார் தளத்தின் தலைவர். "நாளைக்குக் காலைல மீட்டிங். பழைய மாதிரியே விடலாமா, மாத்தணுமான்னு அங்கேயே முடிவு பண்ணிடுவோம். கிளி, நீ உன் கட்சியைப் பேசு. அவங்க அவங்க கட்சியைப் பேசட்டும்."

"பேசறேன் சார். தோக்கறதுக்கா பேசப்போறேன்?" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள் கிளி.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வழக்கமாக மாடிப்படி வரைக்கும் கேட்கும் அம்மாவின் குரல் கேட்கவில்லை. அம்மா பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவள். 'உப்பு போதுமா' என்று கேட்டால்கூட, வண்டி கிளம்பப் போவதுபோல் தெரு முழுவதும் கேட்கும். அப்படிப்பட்டவள் ஹாலில் மௌனமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் குடும்பத்துக்குப் பொதுவான அந்தப் பழைய டேப்லெட்.

உள் அறையில் அண்ணி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசில் ஊதினால் மைதானமே வரிசையில் நிற்கும். அடுக்கிய துணிகூட அணிவகுப்பு மாதிரிதான் இருந்தது.

நடுவாசலில் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். இன்றைக்கு அவனே இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நின்றான்.

"என்னண்ணா?"

"என்கிட்ட கேக்காதே. வாயைத் திறந்தா ரெண்டு பக்கமும் கதவு மூடுது."

அம்மா டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினாள். "பாருடி. நீயே பாரு. வத்தக்குழம்பு... அது எதுக்கு இப்போ, ஏதோ ஒரு குழம்பு பார்க்கலாம்னு தொட்டா வீடு. பாட்டு கேக்கலாம்னு தொட்டா வீடு. எங்கே தொட்டாலும் வீடு. எப்படிப்பட்ட வீடுன்னு படி."

கிளி படித்தாள். 'இரண்டு படுக்கையறை. சிறு குடும்பத்துக்கு ஏற்றது. தனி வாசல். உடனே குடியேறலாம்.'

"தனி வாசலாம்!" என்றாள் அம்மா. "உடனே குடியேறணுமாம்! இந்த டேப்லெட் பெட்டியை நானும் அவளும்தான் எடுப்போம். நான் தேடலை. அப்ப யாரு? நேர்ல சொல்லியிருந்தா நானே பாத்திரம் பண்டம் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பேனே! கமுக்கமா எதுக்குப் பார்க்கணும்?"

"நான் பார்க்கலைன்னு எத்தனை தடவை சொல்றது அத்தை?" உள்ளேயிருந்து வந்தது அண்ணியின் குரல்.

"பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியுமா? யாரோ கேட்டதைத்தானே அது காட்டுது?"

"அப்ப பெட்டியை நம்புங்க. பத்து வருஷமா கூட இருக்கற என்னை நம்பாதீங்க. எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப என்னை நம்பணும்னு தோணுதோ அப்ப கூப்பிடுங்க."

கிளிக்கு இது தன் துறை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, டேப்லெட்டை வாங்கி, விளம்பரத்தின் மூலையில் இருந்த குறியைத் தட்டினாள். அவளுடைய தளத்தின் விளம்பரமேதான். யாரோ இந்த டேப்லெட்டில் அவளுடைய தளத்துக்குள் போயிருக்கிறார்கள், பச்சையை அமுக்கியிருக்கிறார்கள், வீடு தேடியிருக்கிறார்கள். தப்பவே முடியாத கணக்கு. எழுந்து உள் அறைக்குப் போனாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. விளையாட்டுக்குக்கூட ஏதாவது வீடு பார்த்தீங்களா? இது தானா வராது. அது எனக்கு நல்லாத் தெரியும்."

அண்ணியின் கையில் மடித்துக்கொண்டிருந்த துப்பட்டா அப்படியே நின்றது. "நீயுமா?" என்றாள். அவ்வளவுதான். பெட்டியின் மூடி விழுந்த சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

கிளி ஹாலுக்குத் திரும்பினாள். முகம் கொடுக்க முடியாமல் மறுபடியும் அந்த விளம்பரத்தையே வெறித்தாள். இரண்டு படுக்கையறை. தனி வாசல். உடனே குடியேறலாம். எங்கேயோ பார்த்த வரிசை. எங்கேயோ என்ன, தினமும் பார்க்கிற வரிசை! அறிவிப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆபீஸில் எல்லோரும் ஏதாவது ஒரு வீட்டைத் தேடுவார்கள். ஆளாளுக்கு ஒரு தேடல் உண்டு. கை பழகிப்போன தேடல். 'இரண்டு படுக்கையறை, சிறு குடும்பம், தனி வாசல், உடனே' என்பது கிளியின் கை.

போன ஞாயிற்றுக்கிழமை! பழைய டப்பாவில் பச்சை எப்படித் தெரிகிறது என்று பார்க்க, சோபாவில் படுத்துக்கொண்டே, இதே டேப்லெட்டில், இதே கட்டைவிரலால் அவள்தான் சம்மதம் கொடுத்திருந்தாள். வேலை முடிந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது வழக்கம். வீட்டில் துடைக்கவில்லை. காபி ஆறுகிறது என்று அம்மா கூப்பிட்டதும் எழுந்து போயிருந்தாள்.

"அம்மா! அண்ணி! எல்லாரும் இங்கே வாங்க. தேடினது நான்."

அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "நல்லவடி நீ. அண்ணியைக் காப்பாத்த நீ பழியை ஏத்துக்கிறே."

"ஐயோ, இல்லம்மா! வேலைக்காகத் தேடினேன். சும்மா, சோதனைக்கு."

"சும்மா தேடினதுக்கு இத்தனை நாள் பின்னாலயே வருமா? ஒரு கடையில விலை கேட்டுட்டு வந்தா கடைக்காரன் வீடு வரைக்கும் வருவானா? என் காதுல பூ சுத்தாதே."

வாயால் சொல்லி அம்மாவை நம்பவைக்க முடியாது. கிளி கையை நீட்டினாள். "அண்ணா, உன் ஃபோனைக் கொடு."

"எதுக்கு?"

"பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியுமான்னு அம்மாவுக்குக் காட்டணும்."

அண்ணி பெட்டியும் கையுமாக வாசலுக்கு வந்தவள், நின்றாள். கிளி அண்ணனின் ஃபோனில் தன் தளத்தைத் திறந்தாள். பச்சை பட்டன் பொங்கி வந்தது. அமுக்கினாள். "இந்த வீட்டுல யாரும் கனவுலகூட நினைக்காத ஒண்ணைத் தேடுறேன். சொல்லுங்க, என்ன தேடட்டும்?"

கிளியே எழுதினாள்: கோழிப்பண்ணை வைக்க இடம். இரண்டு மூன்று இடங்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மா வழக்கமாகப் பார்க்கும் சமையல் பக்கத்தை அதே ஃபோனில் திறந்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

குழம்புக்கு மேலே ஒரு பண்ணை. குழம்புக்குக் கீழே ஒரு பண்ணை. நடுவில், உப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டிய இடத்தில், 'உங்கள் கோழிகளுக்குக் காற்றோட்டமான சூழல்'.

"அடப்பாவி!" என்றாள் அம்மா, பழைய மைக் குரலில். "டேய், நீ கோழி வளர்க்கப் போறியா?"

"நான் எங்கேம்மா..." என்று பதறினான் அண்ணன்.

"தெரியும்டா. பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்." அம்மா ஃபோனையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. இந்த வீட்டு விளம்பரக்காரனை முதல்ல நிறுத்து. வேண்டாம்னு எங்கே சொல்றது? நானே சொல்றேன்."

கிளி டேப்லெட்டில் தன் தளத்தைத் திறந்து, 'மேலும் விருப்பங்கள்' எங்கே இருக்கிறது என்று காட்டினாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பொறுமையாக, பயறு பொறுக்குவதுபோல. கடைசியில் நிமிர்ந்து, வெற்றியோடு பச்சையை அமுக்கினாள். எல்லா சுவிட்சும் எரிந்தன.

மறுபடியும் அணைத்தாள். மறுபடியும் பச்சை. மறுபடியும் எரிந்தன.

"யாருடி இவன்? வேண்டாம்னு சொல்ல வந்தவ கையைப் பிடிச்சு வேணும்னு எழுத வைக்கிறான்! வயசானவள்னு இளக்காரமா? இதைச் செஞ்சவன் மட்டும் என் முன்னால வந்தான்னா..."

"முன்னாலதாம்மா உட்கார்ந்திருக்கேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். திட்டுவாள் என்று கிளி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "நீயா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "பெட்டியைக் கீழ வைம்மா."

அண்ணி வைக்கவில்லை. "அத்தை, விளம்பரம் யாரால வந்துச்சுங்கறது எனக்கு முக்கியமில்லை. என்கிட்ட கேக்காம பெட்டிகிட்ட கேட்டீங்களே, அதுதான். என்னைப் பத்தி என்ன தெரியணும்னாலும் என்கிட்ட கேளுங்க."

"சரி, கேக்கறேன்." அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தனியா போகணும்னு எப்பவாவது நினைச்சிருக்கியா?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதுக்கு இன்னிக்குப் பதில் சொல்ல மாட்டேன் அத்தை. கேக்கறது உங்க இஷ்டம். சொல்றதும் சொல்லாததும் என் இஷ்டம்."

அந்த வீட்டில் அம்மாவின் கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை. அம்மாவின் புருவம் ஏறியது, மடியில் இருந்த டேப்லெட்டில் எரிந்துகொண்டிருந்த சுவிட்சுகள் கண்ணில் பட்டன, புருவம் இறங்கியது.

"வேண்டாமா? சரி. வேண்டாம்னா வேண்டாம். நான் ஒண்ணும் இவளோட பட்டன் இல்லை, திரும்பத் திரும்ப நச்சரிக்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி கீழே இறங்கியது. பட்டென்று அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான் அண்ணன். அன்றைக்கு அவன் செய்த ஒரே உருப்படியான வேலை அது. கிளி அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணி, நானும் உங்களை..."

"உனக்கு தண்டனை உண்டு. நாளைக்குக் காலைல மைதானத்தைச் சுத்தி ஓடணும்."

"நாளைக்குக் காலைல மீட்டிங் அண்ணி. அங்கே வேற மாதிரி ஓட்டம் இருக்கு."

மறுநாள் மீட்டிங்குக்கு கிளி லேப்டாப்போடு அந்தக் கீறல் விழுந்த டேப்லெட்டையும் கொண்டு போனாள். வக்கீலம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு தயாராக இருந்தார்.

"சார், பேசறதுக்கு முன்னாடி ஒரு வேலை," என்று டேப்லெட்டைத் தலைவர் முன்னால் வைத்தாள் கிளி. "நம்ம தளத்துக்கு வேண்டாம்னு சொல்லிக் காட்டுங்க."

"இதென்ன பெரிய விஷயமா?" என்று தலைவர் விரலைச் சொடுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். ஓரத்து எறும்பு எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. சுவிட்சுகளை அணைத்தார். நடுவில் யாரோ கேட்டதற்குத் தலையாட்டினார். அணைத்து முடித்தார். அமுக்கினார்.

"ஆச்சா?"

"ஆச்சு சார். எல்லாத்துக்கும் சம்மதிச்சுட்டீங்க."

"மனப்பூர்வமா," என்றார் வக்கீலம்மா.

அறை முழுக்கச் சிரிப்பு. தலைவரும் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நேத்து இதுக்காகத்தானே சண்டை போட்டே? இன்னிக்கு என்ன கட்சி மாறிட்டே?"

"எங்கம்மாவால முடியலை சார். பேருந்து நிலையத்தையே அதட்டி நிறுத்தினவங்க. அவங்களாலயே இதை நிறுத்த முடியலை." கிளி லேப்டாப்பைத் திருப்பினாள். திரையில் இரண்டு பட்டன்கள். 'சம்மதம்', 'வேண்டாம்'. ஒரே அளவு, ஒரே பச்சை, பக்கம் பக்கமாக. சுவிட்சும் இல்லை, சுரங்கமும் இல்லை. மேலே இருந்த நாலு வரியைக்கூட இரண்டாகக் குறைத்து, பேசுகிற மாதிரி எழுதியிருந்தாள். 'சம்மதித்தால் நீங்கள் இங்கே பார்த்த வீடுகள் மற்ற தளங்களிலும் விளம்பரமாக வரும். எப்போது வேண்டுமானாலும் ஒரே அமுக்கில் நிறுத்தலாம்.'

"சம்மதம் குறையுமே கிளி."

"குறையும் சார். நல்லாவே குறையும். ஆனா இத்தனை நாள் நமக்கு வந்ததுல பாதி சம்மதமே இல்லை, கை தவறினது. வீடே வேண்டாத எங்கம்மாவைத் துரத்தித் துரத்தி நாம என்ன கண்டோம்? ஒரு குடும்பம் உடைய இருந்துச்சு. நாளைக்கு நிஜமாவே வீடு வேணும்னா, அவங்க நம்மகிட்ட வருவாங்களா, நம்மளைப் பார்த்தா ஓடுவாங்களா? படிச்சுட்டு 'சரி'ன்னு சொல்றவங்க போதும் சார். அவங்கதான் வீடு பார்க்க வந்தவங்க."

"உன் டிசைனை நீயே குப்பையில போடறே. வருத்தமா இல்லையா?"

"பூட்டைச் செஞ்சவளுக்கு அதை எங்கே தட்டினா உடையும்னு தெரியும் சார். வேற யாராவது உடைச்சாத்தான் வருத்தப்படுவேன்."

தலைவர் வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். சண்டை இல்லை என்று அர்த்தம். "இதுல கை வைக்க எனக்கு ஒண்ணுமே இல்லை. ஒரு எழுத்துப்பிழைகூட விட்டு வைக்கலை, பாவி."

"சரி, போட்டுடுங்க," என்றார் தலைவர்.

சில மாதங்கள் போயின. ஒரு விடுமுறை நாள் காலை. குளியலறைக்குள் அம்மாவின் கச்சேரி. கதவுக்கு வெளியே தோளில் துண்டோடு அண்ணன், அவனுக்குப் பின்னால் கிளி, கடைசியில் அண்ணி. அண்ணி விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். பாட்டு நிற்கவில்லை, ஸ்ருதி மட்டும் ஏறியது.

அம்மா ஈரத்தலையோடு வெளியே வந்ததும் அண்ணி அவள் முன்னால் போய் நின்றாள். "அத்தை, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. அன்னிக்குச் சொல்ல மனசில்லை. இன்னிக்கு இருக்கு. சொல்லட்டுமா?"

அம்மா துவட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "சொல்லு."

"நினைச்சிருக்கேன். இந்தக் கதவுக்கு முன்னால நிக்கற ஒவ்வொரு நாளும் நினைச்சிருக்கேன். நாம வேற வீடு பார்க்கலாம் அத்தை."

"நாமன்னா?"

"நாலு பேரும்தான். ரெண்டு பாத்ரூம் இருக்கற வீடு. ஒண்ணு உங்களுக்கு. கதவைச் சாத்திக்கிட்டு எவ்வளவு நேரம் வேணாலும் பாடுங்க."

அம்மா போய் சோபாவில் உட்கார்ந்தாள். டேப்லெட்டை எடுத்தாள். "அந்தத் தளத்தை எடுத்துக் கொடுடி," என்றாள் கிளியிடம்.

திறந்ததும் புது அறிவிப்பு எழும்பியது. கிளி பழக்க தோஷத்தில் விரலை நீட்டினாள். அம்மா அந்த விரலைத் தட்டிவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு வரியையும் மைக் குரலில், வீடு முழுவதும் கேட்கும்படி படித்தாள். படித்து முடித்ததும் மருமகளைப் பார்த்தாள்.

"நீ என்ன சொல்றே? வீடுங்க பின்னாலயே வரட்டுமா?"

"கிடைக்கற வரைக்கும் வரட்டும் அத்தை. கிடைச்சதும் வேண்டாம்னு சொல்லிடலாம்."

"அப்ப நீயே அமுக்கு."

அண்ணி அமுக்கினாள். கிளி இதுவரை எத்தனையோ சம்மதங்களை வாங்கியிருக்கிறாள்; தெரிந்தே கொடுத்த ஒன்றைக் கூட நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.

"ஒரே ஒரு விஷயம்," என்றான் குளியலறைக்குள் பாதி நுழைந்த அண்ணன். "அந்தக் கோழிப்பண்ணையை யாராவது நிறுத்துங்கப்பா. லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போற இடத்துல எல்லாம் என் ஃபோனைப் பார்த்துட்டு முட்டை என்ன விலைன்னு கேக்கறாங்க."

"ஒரே அமுக்குதான்டா," என்றாள் அம்மா. "கொண்டா, நான் சொல்லித் தர்றேன்."